எத்தனை பவுன் என்பதற்கு முன்னால்: பதக்கம் நிறுவ நினைப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

மறைந்த தந்தையின் பெயரில் அவர் படித்த கல்லூரியில் ஒரு பதக்கம் நிறுவ வேண்டும். அல்லது, ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் பொன்விழாவை ஒட்டிச் சிறந்த ஆய்வாளருக்கு ஆண்டுதோறும் ஒரு பதக்கம் தர வேண்டும். இப்படி ஒரு பேச்சு எழுந்ததும் முதலில் வரும் கேள்வி "எத்தனை பவுன்?" என்பது. அடுத்தது "யார் கையால் கொடுப்பது?" பதக்கத்தில் என்ன உருவம் இருக்க வேண்டும், அதைச் செய்யப்போவது யார், எந்த முறையில் என்பதெல்லாம் அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் நேரத்தில்தான் யாருக்காவது நினைவுக்கு வரும். அப்போது கடையில் இருப்பதை வாங்குவதைத் தவிர வேறு வழி இருக்காது.

இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பதக்கத்துக்கு இரண்டு வேலைகள் உண்டு. இன்னார் இன்ன சாதனையைச் செய்தார் என்று சாட்சி சொல்வது ஒன்று. கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கத்தக்க சிறு சிற்பமாக இருப்பது மற்றொன்று. முதல் வேலையை ஒரு சான்றிதழும் செய்துவிடும். இரண்டாவது வேலையைச் செய்யாத பதக்கத்தை எதற்காக உலோகத்தில் செய்ய வேண்டும்? நிறுவனர்களின் முன்னால் பொதுவாக இருக்கும் வழிகள் ஐந்து: தங்கம், கடையில் கிடைக்கும் ஆயத்தப் பதக்கம், சொந்த அச்சில் அடித்த பதக்கம், சிற்பியைக் கொண்டு வார்த்த பதக்கம், பதக்கமே வேண்டாம் என்று பணமுடிப்பு.

தங்கத்திலிருந்து தொடங்குகிறேன், எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள் என்பதால்.

அறக்கட்டளைப் பதக்கத்தின் கணக்கு எளிமையானது. ஒரு தொகையை நிறுவனத்திடம் கொடுக்கிறோம். முதல் அப்படியே இருக்கும். ஆண்டு வட்டியில் பதக்கம் வாங்குவார்கள். 2000ஆம் ஆண்டில் 1 லட்சம் ரூபாய் கொடுத்ததாகவும் வட்டி 10 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 10,000 ரூபாய். அன்று 10 கிராம் தங்கம் 5,000 ரூபாய்க்குள் கிடைத்தது. இரண்டு பவுனில் பதக்கம் செய்து கூலியும் கொடுத்துவிடலாம். 2025இல் 10 கிராம் 1 லட்சத்தைத் தாண்டியது. அதே முதலுக்கு இன்று 7 சதவீதம் வட்டி என்றால் 7,000 ரூபாய்; அதற்கு ஒரு கிராம் தங்கம்கூட வராது. முதல் வளரவில்லை, தங்கம் இருபது மடங்கு ஏறிவிட்டது. அதனால் பெயரில் தங்கமும் கையில் முலாமுமாகப் பதக்கம் சுருங்குகிறது. கொடுத்த குடும்பத்துக்கு வருத்தம், வாங்கும் மாணவருக்கு ஏமாற்றம்.

தங்கம் போனால் மதிப்புப் போய்விடும் என்ற அச்சத்துக்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை. முழுத் தங்கத்தில் ஒலிம்பிக் பதக்கம் கடைசியாக வழங்கப்பட்டது 1912இல், ஸ்டாக்ஹோமில். இன்றைய விதிப்படி முதலிடத்துக்கான பதக்கம் குறைந்தது 92.5 சதவீதம் தூய வெள்ளி. மேலே 6 கிராமுக்குக் குறையாத தங்கப் பூச்சு. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வெள்ளியைத்தான் தங்கம் என்று உலகம் கழுத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. நோபல் பதக்கம் 1980 வரை 23 காரட்டாக இருந்தது. பிறகு 18 காரட் ஆனது. பிரிட்டனின் விக்டோரியா சிலுவை வெறும் வெண்கலம். அந்நாட்டின் போர்வீரத்துக்கு அதற்கு மேல் விருது கிடையாது. நம் பரம் வீர் சக்கரமும் வெண்கலம்தான்.

பாரத ரத்னாவின் கதை இன்னும் பொருத்தமானது. 1954இல் அரசு வகுத்த முதல் விதியில் அது 35 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தங்கப் பதக்கம். அடுத்த ஆண்டே அதை மாற்றி அரசமர இலை வடிவில் வெண்கலப் பதக்கமாக்கினார்கள். இலையின் நடுவில் பிளாட்டினத்தில் சூரியன். ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சி.வி. ராமன் ஆகிய மூவரோடு தொடங்கிய அந்த விருதைப் பற்றி நினைக்கும்போது நம் கண்முன் வருவது அந்த இலை. பழைய விதியிலிருந்த தங்க வட்டத்தை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. உலோகத்தின் விலை குறைந்து வடிவத்தின் பலம் கூடிய மாற்றம் அது.

தங்கத்தின் மீது எனக்கு இன்னொரு குறையும் உண்டு. நம் வீடுகளில் தங்கப் பதக்கம் எங்கே இருக்கிறது? வங்கி லாக்கரில். பெற்றவரே ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தால் பெரிது. 2004இல் சாந்திநிகேதனிலிருந்து தாகூரின் நோபல் பதக்கம் திருடு போனது. பின்னர் நோபல் நிறுவனம் பிரதிகள் செய்து அளித்தது. வெண்கலப் பதக்கம் மேசை மீது இருக்கலாம். பேரப்பிள்ளைகள் எடுத்துப் பார்க்கலாம். கை பட்டு அதன் மேடான இடங்கள் மெருகேறும். கலைப்பொருளாக அது வாழ்வது அப்படித்தான்.

ஆயத்தப் பதக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துத்தநாகக் கலவை, மஞ்சள் பூச்சு, ஓரத்தில் இலைமாலை, நடுவே ஸ்டிக்கர் ஒட்ட ஒரு பள்ளம், மூவண்ண நாடா. பள்ளி விளையாட்டு விழாவில் இருநூறு குழந்தைகளுக்கு அது மகிழ்ச்சி தருகிறது. அங்கே அதுவே சரி. ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்புக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

பதக்கம் கலைப்பொருளாக எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் தேர்வுக்கான அளவுகோல் அங்கே கிடைக்கிறது. 1438இல் பைசாந்தியப் பேரரசர் எட்டாம் ஜான் பலையலோகஸ் திருச்சபைப் பேரவை ஒன்றுக்காக இத்தாலியின் ஃபெராரா நகருக்கு வந்தார். ஓவியர் பிசானெல்லோ அவரைப் பார்த்து வரைந்தார். பிறகு சுமார் 10 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு பதக்கம் வார்த்தார். முன்பக்கம் உயர்ந்த கூம்புத் தொப்பியோடு பேரரசரின் பக்கவாட்டு முகம். பின்பக்கம் குதிரை மீது அமர்ந்து, வழியோரச் சிலுவை ஒன்றின் முன் அவர் கைகூப்புகிறார். "ஓவியன் பிசானோவின் படைப்பு" என்ற கையெழுத்தும் அதில் உண்டு. ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்து உருவப் பதக்க மரபு இதிலிருந்துதான் தொடங்குகிறது என்று கலை வரலாற்றாளர்கள் கொள்கிறார்கள்.

இது எந்தச் சாதனைக்கும் பரிசு அல்ல. யாரும் இதை மார்பில் குத்திக்கொள்ளவில்லை. நண்பர்களுக்கும் அரசவைகளுக்கும் கொடுத்து, கையில் வைத்துப் பார்ப்பதற்காகச் செய்தது. முன்பக்கத்தில் மனிதர் யார் என்று தெரிகிறது. திருப்பினால் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிகிறது. 1447இல் பிசானெல்லோ செய்த செசிலியா கொன்சாகா பதக்கத்தில் முன்பக்கம் அந்த இளம்பெண்ணின் முகம். பின்பக்கம் பிறைநிலவின் கீழ் ஒற்றைக்கொம்பு விலங்கு ஒன்று ஒரு பெண்ணின் மடியருகே அடங்கிப் படுத்திருக்கிறது. ஒன்றைப் பார்க்கும்போது மற்றொன்று மறைந்திருக்கிறது; நினைவில்தான் இரண்டையும் சேர்க்க முடியும். சுவரில் மாட்டும் ஓவியத்துக்கு இந்த வசதி இல்லை. நம் ஊர்க் கேடயத்துக்கும் இல்லை, அதன் பின்பக்கம் வெறும் பலகை. எனக்குப் பதக்கக் கலையில் மிகப் பிடித்தது இந்தத் திருப்பம்தான். பின்பக்கத்தை வெறுமையாக விட்ட பதக்கத்தை நான் பாதிப் பதக்கம் என்றே கருதுகிறேன்.

பிற்காலத்தில் கல்விக்கழகங்களும் அரசுகளும் இந்த வடிவத்தை எடுத்துப் பரிசாக்கின. நல்ல பரிசுப் பதக்கங்கள் அந்தப் பழைய குணத்தை இழக்கவில்லை. சுவீடன் சிற்பி எரிக் லிண்ட்பெர்க் செய்த நோபல் இயற்பியல், வேதியியல் பதக்கத்தின் முன்பக்கம் ஆல்ஃபிரட் நோபலின் முகம். பின்பக்கம் மேகங்களிலிருந்து எழும் இயற்கை அன்னை. அவள் முகத்திரையை அறிவியலின் தேவதை மெல்ல விலக்குகிறாள். ராமனுக்கும் சந்திரசேகருக்கும் கிடைத்தது இந்தப் பக்கம்தான். அவர்கள் செய்த வேலை என்ன என்பதை, அதிலுள்ள எழுத்தைப் படிக்காமலேயே அந்தக் காட்சி சொல்லிவிடுகிறது.

பரம் வீர் சக்கரத்தை வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து, இந்திய ராணுவ அதிகாரியை மணந்து, நம் புராணங்களை ஆழ்ந்து கற்ற சாவித்திரி கானோல்கர். நடுவில் அரசுச் சின்னம். சுற்றி இந்திரனின் வஜ்ராயுதம் நான்கு. வஜ்ராயுதம் எதனால் ஆனது? ததீசி முனிவர் தம் உயிரைக் கொடுத்து அளித்த முதுகெலும்பால். உயிரைப் பொருட்படுத்தாத வீரத்துக்கு இதைவிடப் பொருத்தமான உருவம் கிடைக்குமா? 1987இல் இலங்கையில் உயிர்நீத்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கு அளித்ததும் அந்த 35 மில்லிமீட்டர் வெண்கலமே. உருவத்துக்கும் சாதனைக்கும் இப்படி உறவு இருக்கும்போது, கலை, வெகுமதி என்ற இரண்டையும் தனித்தனியே பிரிக்க முடியாமல் போகிறது.

தமிழுக்கும் இது புதிதல்ல. சங்க காலத்தில் பாணனுக்குப் பொற்றாமரை சூட்டினார்கள். படைத்தலைவனுக்கு ஏனாதி மோதிரம், வணிகனுக்கு எட்டிப் பூ. எல்லோருக்கும் ஒரே பொன்காசைக் கொடுக்கவில்லை. யாருக்கு எந்த வடிவம் என்று வகுத்திருந்தார்கள்.

இனி உண்மையான போட்டி: அச்சில் அடிப்பதா, வார்ப்பதா?

அடிக்கும் முறையில் சிற்பி முதலில் பெரிய அளவில் மாதிரி செய்கிறார். முன்பெல்லாம் அதைப் பிரதிக்குறைப்பு இயந்திரத்தால் சிறிதாக்கி எஃகில் செதுக்குவார்கள். இப்போது கணினி வழி இயங்கும் செதுக்கு இயந்திரம் அதைச் செய்கிறது. எஃகு அச்சைக் கடினப்படுத்தி, உலோக வில்லையை இரு அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்துகிறார்கள். கோடுகள் கூர்மையாக வரும். சிறு எழுத்தும் தெளிவாக இருக்கும். ஆயிரம் அடித்தாலும் முதலும் கடைசியும் ஒன்றுபோலிருக்கும். செலவின் பெரும்பகுதி அச்சு செய்வதில் போய்விடும். அதன் பிறகு ஒவ்வொரு பதக்கத்துக்கும் ஆகும் செலவு குறைவு.

குறை எங்கே வருகிறது என்றால் புடைப்பின் உயரத்தில். உருவம் எவ்வளவு மேலெழுகிறதோ அவ்வளவு முறை அடிக்க வேண்டும். நடுநடுவே உலோகத்தைச் சூடாக்கி இளக்க வேண்டும். 1907இல் அமெரிக்கச் சிற்பி செயின்ட்-காடன்ஸ் வடிவமைத்த 20 டாலர் தங்க நாணயம் அழகின் உச்சம். ஆனால் அந்த உயரமான புடைப்பை ஒரே அடியில் கொண்டுவர முடியாமல், புழக்கத்துக்கு விட்டபோது தட்டையாக்கிவிட்டார்கள். நாணயத்துக்கு அந்தக் கட்டாயம் உண்டு. பதக்கத்துக்கு இல்லை. இருந்தும் விலைப்புள்ளி கேட்டதும் தயாரிப்பாளர் முதலில் குறைப்பது புடைப்பைத்தான். கடைசியில் கைக்கு வருவது நாணயத்தின் பெரிய பிரதி. அச்சு முறையைத் தேர்ந்தால் புடைப்பின் உயரத்தை மில்லிமீட்டரில் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். அரசு நாணயச் சாலைகள் பதக்கமும் செய்கின்றன. எண்ணிக்கை பெரிதாக இருந்தால் அங்கேயும் விசாரிக்கலாம்.

வார்ப்பு முறைக்கு நம்மிடம் வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது: சுவாமிமலை. தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்து உருவம் செய்கிறார்கள். காவிரி வண்டல் மண்ணைப் பூசி உலர்த்துகிறார்கள். சூடாக்கினால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றி, ஆறிய பின் மண்ணை உடைத்து எடுக்கிறார்கள். மண் கருவை உடைப்பதால் ஒவ்வொன்றும் தனி வார்ப்பு. பல பிரதிகள் வேண்டுமென்றால் மூல மாதிரியிலிருந்து ரப்பர் அச்சு எடுத்து, அதில் மெழுகுப் பிரதிகள் செய்து வார்க்கலாம். விரல் பதிந்த மென்மை உலோகத்தில் அப்படியே நிற்கும். புடைப்பு எவ்வளவு உயரமாக இருந்தாலும் தடையில்லை. விளிம்பு வட்டமாக இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை.

ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். கோயில் திருமேனி செய்வது முழு உருவக் கலை. பதக்கமோ சில மில்லிமீட்டர் ஆழத்துக்குள் முகமும் காதும் தோளும் பின்னணியும் அடங்க வேண்டிய தாழ்புடைப்பு. முன்னதில் கைதேர்ந்தவருக்குப் பின்னது தானாக வந்துவிடாது. ஆகவே வடிவமைப்பை ஒருவரிடமும் வார்ப்பை இன்னொருவரிடமும் கொடுப்பது நல்லது. கும்பகோணத்தில் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. சுவாமிமலை அதன் பக்கத்து ஊர். சென்னையிலும் கவின்கலைக் கல்லூரி உண்டு. அங்கே பயின்ற சிற்பி ஒருவர் மாதிரியைச் செய்ய, ஸ்தபதியின் பட்டறையில் அது வெண்கலமானால், இரண்டு மரபுகளின் பலமும் சேரும். வார்ப்பில் உலோகம் ஆறும்போது சற்றுச் சுருங்கும். நுண்ணிய எழுத்துகள் மங்கும். எழுத்தைக் குறைத்து, பெரிதாகப் பொறிக்க வேண்டும். ஒரு வகையில் அந்தக் கட்டுப்பாடு நல்லதுதான். நிறுவனத்தின் முழுப் பெயர், பதிவெண், நிறுவனரின் பட்டங்கள் எல்லாவற்றையும் திணிக்கும் ஆசை அங்கேயே நின்றுவிடும்.

செலவில் இரண்டும் எதிர்த்திசையில் போகின்றன. அடிப்பதில் தொடக்கச் செலவு பெரிது, பிரதி மலிவு. வார்ப்பதில் தொடக்கம் சிறிது, ஒவ்வொரு பிரதிக்கும் ஏறக்குறைய அதே உழைப்பு. ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ கொடுக்கும் பரிசுக்கு வார்ப்பு. ஒரு பல்கலைக்கழகம் ஐம்பது துறைகளின் முதல் மாணவர்களுக்கு ஒரே வடிவத்தில் தருவதென்றால் அச்சு. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

பணமுடிப்பு? தேவையுள்ள படைப்பாளிக்குப் பணம்தான் உதவும். அதை மறுப்பது அறமாகாது. ஆனால் பணம் செலவாகிவிடும், செலவாகத்தான் வேண்டும். சாட்சியாக நிற்க ஒரு பொருள் வேண்டும். தங்கத்துக்கென்று ஒதுக்கிய தொகையைப் பணமுடிப்பாக்கி, கூடவே வெண்கலப் பதக்கம் ஒன்றைக் கொடுத்தால் இரண்டு தேவையும் நிறைவேறும். கணிதத்துக்கான உலகப் பரிசான ஃபீல்ட்ஸ் பதக்கத்தோடு தரும் தொகை 15,000 கனடா டாலர். உலகப் பரிசுகளின் நடுவே அது சிறிய தொகை. அந்தப் பரிசை அதன் தொகையால் யாரும் அளப்பதில்லை. 2018இல் கணிதவியலாளர் காச்சர் பிர்க்காரின் ஃபீல்ட்ஸ் பதக்கம் விழா நடந்த அன்றே திருடு போனபோது, அவருக்குப் புதிதாக ஒன்று அளித்தார்கள். சாதனை யாருடையது என்பதில் ஐயம் இல்லாத இடத்தில் பொருளை மீண்டும் செய்துகொள்ளலாம். மூல அச்சு பத்திரமாக இருக்க வேண்டும், அவ்வளவே.

முடிவெடுத்த பிறகு கவனிக்க வேண்டியவற்றையும் நடந்த நிகழ்ச்சிகளை வைத்தே சொல்கிறேன். அதே ஃபீல்ட்ஸ் பதக்கத்தைக் கனடாவின் ராபர்ட் டெய்ட் மெக்கன்சி 1933இல் வடிவமைத்தார். ஆர்க்கிமிடீஸின் தலை அதில் அவ்வளவு உயிரோடு இருக்கிறது. ஆனால் ஆண்டைக் குறிக்கும் ரோமன் எண்களில் ஓர் 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'என்' விழுந்து பதக்கத்திலேயே தங்கிவிட்டது. எழுத்துகளை மெழுகு நிலையிலேயே மூன்று பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும்; தமிழ் எழுத்தென்றால் ஒற்றுகளையும் துணைக்கால்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1928 முதல் ஒலிம்பிக் பதக்கத்தில் இடம்பெற்ற இத்தாலியர் கசியோலியின் வடிவத்தில் வெற்றித் தேவதைக்குப் பின்னால் இருந்தது ரோமானியக் கொலோசியம் போன்ற கட்டடம். கிரேக்கத்தில் பிறந்த விளையாட்டுக்கு அது பொருந்தாது என்ற குறை நீண்ட காலம் இருந்து, 2004இல் ஏதென்ஸ் போட்டியின்போதுதான் மாறியது. உங்கள் உருவமும் உங்கள் துறையிலிருந்து வரட்டும். ஓலைச்சுவடிப் பதிப்பாளருக்கான விருதென்றால் பதக்கம் ஏன் ஓலையைப் போல நீண்டு, ஒரு துளையோடு இருக்கக் கூடாது? தாவரவியலுக்கு நெல்லிக் கிளை. தீபம், புத்தகம், இறகுப் பேனா மூன்றையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

பூச்சு விஷயத்தில் 2024 பாரிஸ் போட்டி ஒரு பாடம். ஐஃபில் கோபுரத்தின் பழைய இரும்புத் துண்டு ஒவ்வொன்றிலும் பதித்த அருமையான வடிவம் அது. சில நாட்களிலேயே பதக்கங்கள் நிறம் மங்குவதாக வீரர்கள் காட்டினார்கள், பாரிஸ் நாணயச் சாலை மாற்றித் தர வேண்டி வந்தது. வெண்கலத்துக்குப் பளபளப்புப் பூச்சு வேண்டாம். கந்தகக் கரைசலால் பழுப்பு நிறம் ஏற்றி, மெல்லிய மெழுகு தேய்த்தால் போதும். அது வயதாக ஆக அழகாகும்.

கால அவகாசம் தாராளமாக வேண்டும். 1901இல் முதல் நோபல் பரிசுகளை வழங்கியபோது லிண்ட்பெர்க்கின் வேலை முடிந்திருக்கவில்லை; பதக்கங்கள் 1902இல்தான் தயாராயின. நோபல் குழுவே காத்திருந்தது. முதல் ஆண்டு சான்றிதழை மட்டும் கொடுத்துவிட்டு, பதக்கத்தை அடுத்த ஆண்டு இருவருக்கும் சேர்த்துக் கொடுப்பதில் குறைவொன்றும் இல்லை.

விட்டம் 8 முதல் 9 சென்டிமீட்டர், கனம் 6 மில்லிமீட்டர் என்றால் எடை 300 கிராமை ஒட்டி வரும். கழுத்தில் மாட்ட அது வேண்டாம், கையில் கொடுங்கள். பெற்றவரின் பெயரையும் ஆண்டையும் விளிம்பில் பொறியுங்கள், அப்போது இரு முகங்களும் சிற்பத்துக்கு மட்டும் உரியவையாக இருக்கும். சிற்பியின் பெயரோ முத்திரையோ ஒரு மூலையில் கட்டாயம் வேண்டும். விழா அழைப்பிதழிலும் அவர் பெயரைப் போடுங்கள். மூல மாதிரியும் ரப்பர் அச்சும் யாருடைய பொறுப்பில், எங்கே இருக்கும் என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வார்ப்பில் ஒரு பிரதியைக் கூடுதலாகச் செய்து கல்லூரி நூலகத்துக்குக் கொடுங்கள். கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள் என்றால், சுவரோடு சாய்க்காமல் பின்பக்கமும் தெரியும்படி நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.